மோதிரத்தைப் பற்றி ஜீவானந்தம் சொன்னது

எங்கள் குடியிருப்பு சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பின்தெருவில் இருக்கிறது. நாலு மாடி, பதினாறு வீடு. ஜீவானந்தம் வாட்ச்மேனாக வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்தொரு வயது. அனகாபுத்தூரில் சொந்த வீடு. காலையில் ஷேர் ஆட்டோ பிடித்துப் பல்லாவரம் வருவார், அங்கிருந்து ஒரே ஒரு ஸ்டேஷன் ரயில். குரோம்பேட்டையில் இறங்கி நடந்து வந்து ஏழு மணிக்குக் கேட்டருகே நாற்காலியைப் போடுவார். ராத்திரி எட்டரைக்கு இரவுக் காவல் ஆள் வந்ததும் கிளம்பிவிடுவார். ஏதோ ஒரு அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் வேலை பார்த்தது பிணவறையில். முப்பத்தொரு வருஷம்.

இளவயதில் பம்மலில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் இருந்திருக்கிறார். அது மூடியதும் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்து வைத்து, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை கிடைத்தது. இரண்டாவது வருஷம் பிணவறையில் ஆள் பற்றவில்லை என்று நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். மற்ற மூன்று பேரும் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இவர் உள்ளே போனார். தோல் ஷாப்பில் ஊறவைத்த தோலின் வாடையில் ஆறு வருஷம் நின்ற மூக்கு அது. அங்கேயே வைத்துவிட்டார்கள். அறுப்பது, மறுபடி தைப்பது, கழுவுவது, வெள்ளைத் துணி சுற்றி ஆட்களிடம் ஒப்படைப்பது. டாக்டர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல இவர் கை செய்யும். முதல் எட்டு வருஷம் குடித்துவிட்டுத்தான் உள்ளே போனாராம். மகள் சரிதா பிறந்த பிறகு விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்தால் பின்பக்கம் ஒரு பக்கெட் தண்ணீரும் வேறு லுங்கியும் இருக்கும். குளித்த பிறகுதான் மனைவி புஷ்பலதா கதவைத் திறப்பார். சரிதாவைப் பள்ளிக்கரணையில் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளை வீட்டில் சொன்னது, ஆஸ்பத்திரி அட்டெண்டர் என்று.

அவர் பிணவறையில் இருந்தவர் என்பது எங்களுக்குத் தெரியவந்தது ஒரு டிவி தொடரால்.

போன வருஷம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு ‘பதினோராம் வாசல்’ என்று ஒரு கொலைத் தொடர் வந்துகொண்டிருந்தது. ஒரு கல்லூரிப் பேராசிரியை ஏரிக்கரையில் செத்துக் கிடக்கிறாள், கொன்றது யார் என்பது கதை. எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி கஸ்தூரிரங்கன், இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கீழே இருக்கும் ஹாலில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தார். பதினைந்து இருபது பேர் கூடுவோம். அவர் ஒரு நோட்டில் சந்தேகப் பட்டியல் எழுதி வாரம் வாரம் அடித்துத் திருத்துவார். அவர் மனைவி பட்டு மாமிக்கு முதல் வாரத்திலிருந்தே புருஷன் மேல்தான் சந்தேகம். “அழறச்சே அவன் கண்ணாடியைக் கழட்டவே இல்லை, கவனிச்சேளா?” என்பார். கேஷவ் என்று ஒரு ஐ.டி. பையன், வாட்ஸப்பில் ஓட்டெடுப்பு நடத்துவான். திங்கட்கிழமை காலை லிஃப்டிலும் அதே பேச்சுதான்.

இரண்டாவது மாடி ஞானஜோதி டீச்சர் மட்டும் கதவோரம் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார். ஒருமுறை கேஷவ் வற்புறுத்திக் கேட்டதற்கு, “கொன்னவன் யாருன்னு எனக்குத் தோணல. செத்தவளோட அம்மாவ ரெண்டு வாரமா காட்டவே இல்ல, அதத்தான் பாத்துட்டிருக்கேன்” என்றார்.

நாலாவது வாரம் போஸ்ட்மார்ட்டம் காட்சி வந்தது. நடுராத்திரி, நீல வெளிச்சம், கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர். ஹால் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜீவானந்தம் மெதுவாகச் சொன்னார்: “ராத்திரில அறுக்க மாட்டாங்க சார். வெளிச்சம் இருக்கச்சொல்லோதான் செய்வாங்க. அவசரம்னாதான் வேற மாதிரி.”

எல்லோரும் திரும்பினோம். கஸ்தூரிரங்கன் கேட்டார், “உமக்கு எப்படித் தெரியும்?”

“அதான் சார் என் வேலை.”

அன்றிலிருந்து ஹாலுக்குள் அவருக்கு ஒரு நாற்காலி போட்டோம். விஷம் குடித்தவர் உடம்பு எப்படி இருக்கும், தண்ணீரில் விழுந்து செத்ததா செத்தபின் போட்டதா எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்போம். தெரிந்ததைச் சொல்வார். யாருடைய உடம்பு, எந்த ஊர் என்று கிளறினால், “அது வேணாம் சார்” என்று நிறுத்திவிடுவார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: “முப்பது வருசத்துல ஒர்த்தரும் எங்கிட்ட கேட்டது இல்ல சார், இன்னா வேல, எப்டி செய்வேன்னு.” அதே சமயம் ஒரு வீட்டில் அவருக்குக் கொடுக்கும் காப்பி எவர்சில்வர் டம்ளரிலிருந்து பேப்பர் கப்புக்கு மாறியதையும் அவர் கவனிக்காமல் இல்லை.

ஒன்பதாவது வாரம் கதையில் ஒரு திருப்பம். பேராசிரியையின் கழுத்திலிருந்த செயினைப் பிணவறை ஊழியன் கழற்றி ஒளித்து வைத்திருக்கிறான், முக்கியமான தடயம் அதனால்தான் காணாமல் போனது என்று காட்டினார்கள். ஹால் கொதித்துப் போனது. “இவனுங்க எல்லாம் மனுஷங்களா?” என்றார் ஒருவர். “செத்தவ கழுத்துல கை வெக்க எப்படி மனசு வரும்?” என்றார் இன்னொருவர். அந்தச் சூட்டில் கேஷவ் திரும்பி, “ஜீவா அண்ணா, நீங்க மொத்தம் எத்தனை செயின் சேர்த்தீங்க?” என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஜீவானந்தம் கோபப்படவில்லை. மோட்டார் போட வேண்டும் என்று சொல்லி எழுந்து போனார். திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை, பள்ளிக்கூடம் கிளம்பும் முன் ஞானஜோதி டீச்சர் கேட்டருகே போய் நின்றார்.

“ஜீவானந்தம், 2014 டிசம்பர்ல நீங்க அந்த ஆஸ்பத்திரிலதான் இருந்தீங்களா?”

“இருந்தேன் டீச்சர்.”

“என் தம்பி எபனேசர். பெருங்களத்தூர் கிட்ட லாரி மோதி அங்கேயே போயிட்டான். உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனாங்க. எங்க அப்பாவோட மோதிரம் கையில போட்டிருந்தான். செவப்புக் கல்லு. ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது கையில இருந்துச்சு, என் வீட்டுக்காரரே பாத்தார். வீட்டுக்கு வரல.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார், “நேத்து டிவில பாத்ததுலேருந்து மனசு ஒரு நிலையில இல்ல. உங்களத் தப்பாச் சொல்லல. ஏதாவது தெரியுமா?”

“நாளைக்குச் சொல்றேன் டீச்சர்” என்றார்.

யோசித்துச் சொல்ல அவருக்கு நாள் தேவைப்படவில்லை. அவருக்கு அப்போதே ஞாபகம் வந்துவிட்டது. எத்தனையோ ஆயிரம் உடம்புகளில் முக்கால்வாசி அவருக்கு மறந்து போயிற்று. ஆனால் அந்த விரல் வீங்கியிருந்தது. மோதிரம் வரவில்லை. கூட வேலை பார்த்த சம்பத் சோப்புத் தண்ணீர் தடவி, திருகித் திருகிக் கழற்றியதை இவர் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையைக் கழுவப் போனார். துணி வாங்கி வந்தார்களா என்று கேட்க வெளியே வந்தபோது, செத்தவனின் மனைவி மரத்தடியில் அவன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “ரொம்ப வலிச்சிருக்குமா அண்ணா?” என்று இவரைக் கேட்டாள். “இல்லம்மா, உடனே போயிருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அதனால் மறக்கவில்லை.

சம்பத் எடுத்தது அது ஒன்று மட்டுமல்ல. இவருக்கு அது தெரியும். பங்கு கேட்டதில்லை, கொடுத்தபோது வாங்கியதுமில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஜீவானந்தம் பம்மலுக்குப் போனார். சம்பத் தன் மகனுடைய செல்போன் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸும் ஆட்டோவும் இடித்துக்கொண்டு போகிற தெரு. இருவரும் கடைக்குப் பக்கத்துச் சந்துக்குள் போய் நின்று பேசினார்கள்.

“இன்னாத்துக்கு இப்ப அத்தக் கிளர்ற? பத்து வருசம் ஆச்சு” என்றார் சம்பத்.

“அவனோட அக்கா கேக்குது. நான் வேல பாக்குற எடத்துலயே கீது.”

“தெரியாதுன்னு சொல்லு. எத்தினி பேரு வந்தான், எத்தினி பேரு போனான். எந்த மோதிரம்னு எனக்கே ஞாபகம் இல்ல.”

“எனக்கு ஞாபகம் கீது சம்பத்.”

“கீதா? அப்ப நீ இன்னா பண்ண? பாத்துகினுதானே நின்ன?”

“உன் பேரச் சொல்லத்தான் போறேன். உங்கிட்ட சொல்லிட்டு சொல்லலாம்னு வந்தேன்” என்றார் ஜீவானந்தம்.

சம்பத் “போ” என்று மட்டும் சொல்லிக் கடைக்குத் திரும்பினார்.

வீட்டுக்குப் போனதும் புஷ்பலதாவிடம் சொன்னார். அரிசி களைந்துகொண்டிருந்த அவர் கையை எடுக்காமலே கேட்டார்: “சரிதா மாமியாருக்கு இன்னும் தெரியாது, நீ இன்னா வேல பாத்தேன்னு. இப்ப பொணத்துக்கிட்ட திருடுன கேஸுல உன் பேரு அடிபட்டா அந்தப் பொண்ணு அங்க எப்டித் தலய நிமித்தும்?”

“நான் எடுக்கல, புஷ்பா.”

“நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?”

சோறு கொதித்து வடித்த பிறகு புஷ்பலதாவே சொன்னார்: “சொல்லணும்னா சொல்லிடு. ஆனா அதுக்கப்பறம் வூட்ல வந்து எங்கிட்ட பொலம்பாத.”

செவ்வாய்க்கிழமை நாலரைக்கு டீச்சர் பள்ளியிலிருந்து வந்ததும் ஜீவானந்தம் இரண்டாவது மாடிக்கு ஏறிப்போனார். டீச்சர் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். விரல் வீங்கியிருந்தது, சோப்புத் தண்ணீர், சம்பத்தின் பெயர், தான் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“அன்னைக்கே ஏன் சொல்லல?” என்றார் டீச்சர்.

“பயம் டீச்சர். அவன் எனக்கு சீனியர், சங்கத்துல ஆளு. அப்புறம் அப்டியே பழகிப்போச்சு.”

“மோதிரம் போனது போகட்டும்” என்றார் டீச்சர். “போலீஸ்காரர் கொடுத்த பொருள வாங்கிக் கையெழுத்துப் போட்டது அவன் பொண்டாட்டி பிளஸ்ஸி. செல்போன், பர்ஸ், வாட்ச். மோதிரம் மட்டும் இல்லன்னு சொன்னா. நாங்க நம்பல. அவ அண்ணனுக்கு அப்ப ஏதோ பண நெருக்கடி, அதுக்குத்தான் அவ கொடுத்துட்டான்னு அம்மா முடிவே பண்ணிட்டாங்க. அடக்கம் முடிஞ்ச எட்டாம் நாள் நாலு பேர் முன்னால அவ பையத் தொறந்து கொட்டச் சொன்னாங்க. நானும் பக்கத்துலதான் நின்னேன். அன்னைக்கு நாலு வயசுப் பிள்ளையத் தூக்கிட்டுப் போனவதான். அம்மா சாகும்போது வந்து வாசல்ல நின்னா. உள்ள விடல.”

ஜீவானந்தத்துக்கு இது எதுவும் தெரியாது. ஒரு மோதிரம் போனது, அந்த வீட்டுக்கு ஒரு பொருள் நஷ்டம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். அந்த மரத்தடிப் பெண்ணின் தலையில் அது விழுந்திருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை. அப்போதுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அந்தம்மா எங்க கீறாங்க?”

“தாம்பரம் பக்கம் கடப்பேரில. மெப்ஸ்ல, ஏற்றுமதி கம்பெனி ஒண்ணுல வேலை பாக்கறா.”

“நான் வந்து அவங்க முன்னால சொல்லட்டா?”

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். “நீங்கதான் சொல்லணும்” என்றார்.

சனிக்கிழமை இருவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். பிளஸ்ஸி வீடு மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும். கதவைத் திறந்து நாத்தனாரைப் பார்த்ததும் நகராமல் நின்றாள். பத்தாவது படிக்கும் மகள் ரேஷ்மா உள்ளேயிருந்து, “யாரும்மா?” என்று கேட்டாள். “உங்க அத்தை” என்று சொல்லிவிட்டுப் பிளஸ்ஸி வழிவிட்டாள்.

ஜீவானந்தம் மறுபடி முழுவதையும் சொன்னார். இந்த முறை ரேஷ்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிளஸ்ஸி அழவில்லை.

“நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும்” என்றாள். “நீங்க வந்து சொல்லி நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுமில்ல. அக்காவுக்குத்தான் தெரியணும். என் பொண்ணுக்குத் தெரியணும். பள்ளிக்கூடத்துல சொந்தக்காரப் பிள்ளை ஒண்ணு இவகிட்ட கேட்டுச்சு, உங்கம்மாதானே தாத்தா மோதிரத்த வித்தாங்கன்னு.”

ஜீவானந்தம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிளஸ்ஸி கேட்டாள், “அவரக் கழுவி, துணி சுத்தினது யாரு?”

“நான்தாம்மா.”

“முகத்துல ரத்தம் ஒரு சொட்டு இல்லாம இருந்துச்சு. தலைய வாரி விட்டிருந்தீங்க.”

“எல்லாருக்கும் செய்றதுதாம்மா.”

“அத நான் மறக்கல. ஆனா நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பத்து வருஷம் நான் இப்படி இருந்திருக்க மாட்டேன்.”

“ஆமாம்மா” என்றார் ஜீவானந்தம். மன்னிப்பு என்ற வார்த்தை வாய் வரை வந்ததாம். கேட்டால் அந்தப் பெண் ஏதாவது சொல்லியாக வேண்டும், அந்தக் கஷ்டத்தையும் அவளுக்கு ஏன் கொடுப்பது என்று கேட்கவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டுத் தனியாகப் படியிறங்கி வந்துவிட்டார். டீச்சர் பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தார்.

விஷயம் ஒரு வாரத்தில் எங்கள் குடியிருப்பு முழுக்கப் பரவியது. தொடருக்காகத் தொடங்கிய வாட்ஸப் குரூப்பில் இப்போது இதுதான் பேச்சு. தொடரில் வரும் ஊழியனைப் பற்றி எழுதிய அதே வேகத்தில் ஜீவானந்தத்தைப் பற்றியும் எழுதினார்கள். ஊருக்குப் போகும்போது பாதி வீட்டுக்காரர்கள் சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவோம். திருட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவரிடம் இனி எப்படிச் சாவி கொடுப்பது என்று ஒருவர் எழுத, அதற்குப் பத்துப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள். கேஷவ் மட்டும் குரூப்பிலிருந்து வெளியேறினான். கேட்டுக்கு வந்து, “சாரி அண்ணா” என்று சொன்னானாம். “உம்மேல இன்னா தப்பு, நீ கேட்டது சரியான கேள்விதான்” என்று இவர் சொன்னாராம்.

அசோசியேஷன் கூட்டம் போட்டார்கள். “தானாக வந்து உண்மையைச் சொன்னவரை அனுப்பினால், நாளைக்கு எவன் வாயைத் திறப்பான்?” என்று கஸ்தூரிரங்கன் வாதாடினார். ஞானஜோதி டீச்சர் எழுந்து, “எனக்கு அவர் மேல கோபம் இருக்கு. அது போகுமான்னு தெரியல. ஆனா அவர் இங்க இருக்கட்டும்” என்று கை தூக்கினார். எண்ணிப் பார்த்தபோது ஆறு வீடு இருக்கட்டும் என்றது, ஒன்பது வீடு வேண்டாம் என்றது. கணக்கில் வராத ஒரு வீடு என்னுடையது. தலைவலி என்று சொல்லி நான் கூட்டத்துக்குப் போகவில்லை.

மாதக் கடைசியில் ஜீவானந்தம் போய்விட்டார். அவர் போன அடுத்த ஞாயிறு தொடரின் கடைசிப் பகுதி. ஹால் நிறைந்திருந்தது. கொன்றது பேராசிரியையின் சொந்தத் தங்கை. பட்டு மாமி அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. இரண்டு நாள் பேசினோம், அப்புறம் விட்டுவிட்டோம்.

அவரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. இந்த ஜனவரியில்தான் அனகாபுத்தூருக்குப் போனேன். அடையாற்றை ஒட்டிய குறுகலான சந்து, சுவரில் வெள்ளம் வந்த உயரத்துக்குக் கறை. அவர் வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். இப்போது குன்றத்தூர் சாலையில் ஒரு குடோனில் காவல் வேலை. தன் வாழ்க்கையில் நடந்ததை எல்லாம் அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். சம்பத்தைப் பற்றி ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறார். ஒருமுறை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், போய் அதையே மறுபடி சொல்லிவிட்டு வந்தார். முடிவு ஒன்றும் வரவில்லை. சம்பந்தி வீட்டில் விஷயம் தெரிந்து ஒரு மாதம் பேச்சு இல்லை, பிறகு சரிதாவே பேசிச் சமாளித்துவிட்டாள்.

கூட்டத்துக்கு வராமல் இருந்ததை நான் சொன்னேன்.

“சாவி விசயத்துல அவங்க பயந்தது நியாயம்தான் சார்” என்றார். “நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க.” பிறகு, “டீச்சர் எப்டி கீறாங்க?” என்று கேட்டார்.

கிறிஸ்துமஸுக்குப் பிளஸ்ஸியும் ரேஷ்மாவும் டீச்சர் வீட்டுக்கு வந்ததைச் சொன்னேன். மறுநாள் மூன்று பேரும் தாம்பரம் கல்லறைக்குப் போனார்கள். தன் அம்மாவின் கல்லறையில் பூ வைத்தது டீச்சர். பிளஸ்ஸி பூ வைக்காமல் நின்றுவிட்டு, “வெயில் ஏறுது, போலாம்க்கா” என்றாளாம்.

“அந்தம்மாவும் கல்லறைக்குப் போச்சா?” என்றார் ஜீவானந்தம்.

“போனாங்க.”

“அந்தப் பாப்பாவும்?”

“ஆமா, ரேஷ்மாவும்தான்.”

புஷ்பலதா டீ கொண்டுவந்து வைத்தார். இருவரும் குடித்தோம்.